கத்தியும் கையெழுத்தும்

டோக்கியோ ரயில் நிலையத்தின் தரையிலே இரண்டு சிறு குறிகள் பதிக்கப்பட்டுள்ளன. நாள்தோறும் இலட்சக்கணக்கானோர் அவற்றைக் கடந்து விரைகின்றனர். குனிந்து பார்ப்பவர் சிலரே. ஒரு குறி, 1921 நவம்பர் 4ஆம் நாள் பிரதம மந்திரி ஹாரா தகாஷி குத்திக் கொல்லப்பட்ட இடத்தைக் காட்டுகிறது. மற்றது, 1930 நவம்பர் 14ஆம் நாள் பிரதம மந்திரி ஹமகுச்சி ஒசாச்சி சுடப்பட்ட இடத்தைக் காட்டுகிறது. ஹாராவைக் குத்தியவன் ரயில்வே ஊழியனாகிய ஓர் இளைஞன். ஹமகுச்சியைச் சுட்டவனோ தேசபக்திச் சங்கம் ஒன்றின் உறுப்பினன். கடற்படைகளின் அளவைக் கட்டுப்படுத்த வல்லரசுகள் லண்டனிற் செய்துகொண்ட உடன்படிக்கைக்கு இசைந்தார் என்பதே அந்த மந்திரி செய்த குற்றம். குண்டடிபட்ட அவர் மறு ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் உயிர் துறந்தார்.

அக்காலத்து ஜப்பானில் பாராளுமன்றம் இருந்தது, கட்சிகள் இருந்தன, பத்திரிகைகள் இருந்தன. ஆடவர் அனைவர்க்கும் வாக்குரிமை வழங்கும் சட்டமும் 1925இல் நிறைவேறியிருந்தது. இத்தனையும் இருக்க, மக்களிடம் சென்று வாக்குக் கேளாத சிறு சங்கங்கள் அந்நாட்டின் போக்கைத் திருப்ப முடிந்தது எங்ஙனம்? போருக்குப் பின் அவை என்னவாயின? இவ்விரு வினாக்களையும் மாணவர்களாகிய உங்கள்முன் வைத்துச் சிறிது ஆராய விரும்புகிறேன்.

இச்சங்கங்களுள் மூத்தது கென்யோஷா என்பது. கருங்கடற் சங்கம் என்று அதனைத் தமிழிற் சொல்லலாம். 1881ஆம் ஆண்டு, தென்மேற்கே உள்ள புக்குவோக்கா நகரில், வேலையும் மதிப்பும் இழந்து நின்ற பழைய போர்வீரர் குடியினர் இதனைத் தோற்றுவித்தனர். சக்கரவர்த்தியைப் போற்றுவோம், தாய்நாட்டை மதிப்போம், மக்கள் உரிமையைக் காப்போம் என்பன அவர்கள் கொண்ட மூன்று விதிகள். மூன்றாம் விதியைக் கண்டு வியக்கவேண்டா. பாராளுமன்றம் வேண்டும் என்று அந்நாளில் நடந்த பெருங்கிளர்ச்சியிலேதான் இச்சங்கம் பிறந்தது. ஆயினும் சில ஆண்டுகளிலேயே முதல் இரண்டு விதிகளும் மூன்றாவதை விழுங்கிவிட்டன. 1892ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் அரசாங்கம் எதிர்க்கட்சிகளை அடக்க முனைந்தபோது, அதற்குத் துணையாகத் தடியெடுத்தவர்களுள் கென்யோஷாவினரும் இருந்தனர். அத்தேர்தற் கலகங்களில் நாடெங்கும் 25 பேர் மாண்டனர்.

ஒரு சிறு கூட்டத்தின் வலிமை இன்னது என்பதை அதற்கு முன்னரே ஒரு நிகழ்ச்சி காட்டியிருந்தது. மேனாட்டு அரசுகள் ஜப்பான்மீது சுமத்தியிருந்த நேர்மையற்ற உடன்படிக்கைகளைத் திருத்துவதற்காக, வெளிநாட்டு நீதிபதிகள் சிலரை ஏற்றுக்கொள்ளவும் வெளிநாட்டு மந்திரி ஒகுமா ஷிகெனோபு இணங்கினார். 1889 அக்டோபரில் கென்யோஷாவைச் சேர்ந்த ஒருவன் அவர் வண்டிமேல் வெடிகுண்டு எறிந்தான். எறிந்த இடத்திலேயே தானும் மாய்ந்தான். ஒகுமா ஒரு காலை இழந்தார். பேச்சுவார்த்தை நின்றது, மந்திரி சபையும் விலகிற்று. ஓராயிரம் பேர் கூட்டம் கூட்டிப் பேசியும் ஆகாத காரியம் ஒரு குண்டினால் ஆயிற்று என்று பலர் எண்ணத் தொடங்கினர். பின்வந்த மந்திரிகளும் அதை மறந்துவிடவில்லை.

கென்யோஷாவின் உயிராக விளங்கியவர் தோயாமா மித்சுரு. நீண்ட வெண்தாடி, எளிய வாழ்வு, 1944இல் இறக்கும் வரையில் அரசாங்கப் பதவி ஒன்றையும் ஏற்றதில்லை. ஆனால் மந்திரிகளும் தளபதிகளும் அவர் வீடு தேடி வந்தனர். அவருடைய வழியினரே 1901இல் கொகுர்யூகாய் என்ற மற்றொரு சங்கத்தைக் கண்டனர். மஞ்சூரியாவின் எல்லையில் ஓடும் ஆமூர் ஆற்றுக்குச் சீனத்தில் கருநாக ஆறு என்று பெயர். அவ்வாறு வரையில் ஜப்பானின் கை நீளவேண்டும் என்பதே அச்சங்கத்தின் பெயரிலே பொதிந்திருந்த வேட்கை.

தோயாமாவின் பெயர் நம் நாட்டு வரலாற்றிலும் இடம்பெற்றுள்ளது. 1915இல் ஆங்கில அரசின் பிடிக்குத் தப்பி ராஷ் பிகாரி போஸ் ஜப்பான் சென்றார். இங்கிலாந்தின் நட்பு நாடாகிய ஜப்பான் அவரை வெளியேற்றக் கட்டளையிட்டது. தோயாமாவின் வீட்டிலிருந்து அவர் மறைவாகக் கொண்டுசெல்லப்பட்டு, ஷிஞ்ஜுக்கு என்னுமிடத்தில் நக்கமுராயா என்ற ரொட்டிக் கடைக்காரர் வீட்டில் ஒளித்து வைக்கப்பெற்றார். அக்குடும்பத்தின் பெண்ணையே பின்னர் மணந்தார். அவர் கற்பித்த இந்தியக் கறி இன்றும் அக்கடையிற் பரிமாறப்படுகிறது! ஆசியா ஆசியர்க்கே என்று முழங்கியவர்கள் நம் விடுதலை வீரர் ஒருவரைக் காத்தனர் என்பது மறுக்கவொண்ணாத உண்மை. ஆனால் இக்கதையை இவ்வளவோடு நிறுத்துவது நேர்மையன்று. அதே முழக்கத்தோடு 1942இல் மலேயாவைக் கைப்பற்றிய ஜப்பானியப் படை, ரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளரைத் திரட்டிச் சயாம்-பர்மா ரயில் பாதை போடக் கொண்டுசென்றது. பல்லாயிரவர் காட்டுக் காய்ச்சலாலும் பசியாலும் அப்பாதையோரத்தில் மடிந்தனர். இந்திய தேசிய ராணுவத்தில் மனமுவந்து சேர்ந்த தமிழரும் அம்மலேயாத் தமிழரே. இருப்புப் பாதையிற் புதைந்த தமிழரும் அவரே. ஆசியா ஆசியர்க்கே என்ற சொல்லுக்கு அவர்கள் கண்ட பொருள் ஒன்றாக இருந்திருக்க முடியாது.

இனி 1930ஆம் ஆண்டுகளுக்கு வருவோம். 1932 பிப்ரவரியில் முன்னாள் நிதி மந்திரியும், மார்ச்சில் மித்சுயி வணிகக் குழுவின் தலைவரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். கொன்றவர்கள், ஒருவர் ஒருவரைக் கொல்வது என்று உறுதி பூண்ட சிறு கூட்டத்தினர். மே 15ஆம் நாள் கடற்படை அதிகாரிகள் சிலர் பிரதம மந்திரி இனுகாய் த்சுயோஷியை அவருடைய இல்லத்திலேயே சுட்டனர். இனுகாய் தோயாமாவின் பழைய நண்பர். சீனப் புரட்சித் தலைவர் சன் யாட்-சென்னுக்கு இருவரும் சேர்ந்தே உதவியவர்கள். தீவிர தேசியம் மூட்டிய தீ, அதனோடு நெடுநாள் உறவாடியவரையும் விட்டுவைக்கவில்லை.

கொலையைக் காட்டிலும் அதன்பின் நடந்த விசாரணையே என்னைத் திகைக்க வைக்கிறது. குற்றவாளிகள் நீதிமன்றத்தில் நின்று தம் நாட்டுப்பற்றை விரித்துப் பேசினர். பத்திரிகைகள் அப்பேச்சுக்களைப் பக்கம் பக்கமாக வெளியிட்டன. அவர்களுக்குக் கருணை காட்டவேண்டும் என்ற மனுக்கள் வந்து குவிந்தன. இலட்சக்கணக்கானோர் கையெழுத்திட்டிருந்தனர், சிலர் தம் இரத்தத்தாலேயே எழுதியிருந்தனர். ஒருவருக்கும் மரண தண்டனை விதிக்கப்படவில்லை. ஒரு பிரதம மந்திரியைக் கொல்லச் சிலர் போதும். கொன்றவரைத் தியாகிகளாக்கப் பெருந்திரளான மக்கள் வேண்டும். கத்திக்குக் கையெழுத்து துணைநின்றதை இங்கே காண்கிறோம்.

அடுத்து அவர்கள் பாய்ந்தது ஓர் ஆசிரியர்மேல். டோக்கியோ பல்கலைக் கழகத்துச் சட்டப் பேராசிரியர் மினோபே தத்சுகிச்சி, அரசு என்பது ஓர் உடம்பு போன்றது, சக்கரவர்த்தி அதன் தலைமையான உறுப்பு என்று விளக்கிவந்தார். 20 ஆண்டுகளுக்கு மேலாகப் பல்கலைக் கழகங்களில் இதுவே பாடம். அரசாங்கத் தேர்வுகளுக்குப் படித்தவர்களும் இதனையே படித்தனர். 1935 பிப்ரவரியில் மேற்சபை உறுப்பினர் ஒருவர் இதனை ராஜத்துரோகம் என்றார். அவ்வளவே! ஓய்வுபெற்ற படைவீரர் சங்கங்கள் ஊர்தோறும் கண்டனக் கூட்டம் நடத்தின. ஏப்ரலில் மினோபேயின் நூல்கள் தடை செய்யப்பட்டன. செப்டம்பரில் அவர் மேற்சபையினின்றும் விலகினார். மறு ஆண்டு அவரும் சுடப்பட்டுக் காயமுற்றார். பிரதம மந்திரி ஒகாதா, அக்கொள்கை தவறானது என்று ஓராண்டில் இருமுறை அறிக்கை வெளியிட நேர்ந்தது. அறிஞர்களுட் பெரும்பாலோர் வாய் திறக்கவில்லை.

வியப்பு என்னவெனில், சக்கரவர்த்தி ஹிரோஹித்தோவுக்கு அக்கொள்கையில் ஒரு குறையும் தோன்றவில்லை. அவருடைய ராணுவத் துணைவர் எழுதிய நாட்குறிப்பு இதனைத் தெரிவிக்கிறது. 1936 பிப்ரவரி 26ஆம் நாள் ஏறத்தாழ 1,400 வீரர்கள் கிளர்ந்தெழுந்து, நிதி மந்திரி தகஹாஷி உள்ளிட்ட முதுபெருந் தலைவர்களைச் சக்கரவர்த்தியின் பேராற் கொன்றபோதும், அவர்களைக் கலகக்காரர் என்று முதலிற் சொல்லி அடக்க வற்புறுத்தியவர் சக்கரவர்த்தியே. அரசர் பேரைச் சொல்லுபவர்க்கும் அரசர் கருத்துக்கும் தொடர்பிருக்க வேண்டும் என்பதில்லை போலும்!

கலகம் அடங்கிற்று, ஆனால் அதன் பயன் ராணுவத்துக்கே போய்ச் சேர்ந்தது. அவ்வாண்டே, பணியிலுள்ள தளபதிகளே ராணுவ, கடற்படை மந்திரிகளாகலாம் என்ற பழைய விதி மீண்டும் வந்தது. ஒரு தளபதியையும் தரமாட்டோம் என்று ராணுவம் சொன்னால் மந்திரி சபையே அமையாது. இதன்பின் சங்கங்களுக்கு வேலை குறைந்தது. அரசாங்கமே அவர்கள் பேச்சைப் பேசலாயிற்று.

1945இல் ஜப்பான் தோற்றது. 1946 ஜனவரியில் நேசநாட்டுப் படைத் தலைமை இச்சங்கங்களைக் கலைக்கக் கட்டளையிட்டது. 1947 மே 3ஆம் நாள் நடைமுறைக்கு வந்த புதிய அரசியல் சட்டம் சக்கரவர்த்தியை நாட்டின் சின்னம் ஆக்கிற்று, போரைத் துறந்தது, அரசையும் மதத்தையும் பிரித்தது. கத்தி முற்றிலும் மறையவில்லை. 1960 அக்டோபர் 12ஆம் நாள் ஹிபியா மண்டபத்தில் மேடைமீது பேசிக்கொண்டிருந்த சோஷலிஸ்டுக் கட்சித் தலைவர் அசானுமாவை 17 வயது இளைஞன் ஒருவன் குறுவாளாற் குத்திக் கொன்றான். மறு ஆண்டு, அரச குடும்பத்தைப் பற்றிய ஒரு சிறுகதைக்காகப் பதிப்பாளர் ஒருவர் வீட்டினுள் மற்றோர் இளைஞன் புகுந்தான். இறந்தவள் அவ்வீட்டுப் பணிப்பெண். அரச குடும்பத்தைப் பற்றி எழுதுவோரும் வெளியிடுவோரும் அதன்பின் மிகவும் அஞ்சினர். எனினும் செல்வாக்கின் பெருவழி வேறு பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

போருக்குப் பின் அரசின் துணை இழந்த ஷிந்தோ ஆலயங்கள் 1946இல் தமக்குள் ஒரு கழகம் அமைத்துக்கொண்டன. 80,000 அளவில் ஆலயங்கள் அதிற் சேர்ந்தன. போரில் மாண்டோர் குடும்பங்கள் ஒரு சங்கம் கண்டன. இவர்கள் துயரம் மெய்யானது. அதனை நாம் எளிதாக எண்ணலாகாது. மகனையோ கணவனையோ இழந்தவள், அவன் வீணே இறக்கவில்லை என்று கேட்க விரும்புவது இயற்கை. அவ்விருப்பத்தை அரசியற் கோரிக்கையாக மாற்றத் தெரிந்தவர்களும் இருந்தனர். போரில் இறந்தோரைத் தெய்வமாக வணங்கும் யாசுகுனி ஆலயத்தை மீண்டும் அரசே நடத்தவேண்டும் என்ற மசோதா, 1969 தொடங்கி ஐந்து முறை பாராளுமன்றத்துக்கு வந்தது; ஐந்து முறையும் தோற்றது.

தோல்வியே ஆசானாயிற்று. பாராளுமன்றத்தின் தலைவாயிலில் நுழைய இயலாதவர்கள் சிற்றூர்களின் கதவைத் தட்ட முடிவு செய்தனர். அதற்கு வாய்த்த பொருள் ஆண்டுப் பெயர். பிரபவ, விபவ என ஆண்டுக்குப் பெயர் சொல்லும் நமக்கு இது விளங்கும். ஜப்பானில் ஒவ்வொரு சக்கரவர்த்தியின் காலத்துக்கும் ஒரு பெயர் உண்டு. 1926இல் தொடங்கிய காலம் ஷோவா. பிறந்தநாட் பதிவு முதல் வங்கிச் சீட்டு வரையில் யாவும் இவ்வாண்டுக் கணக்கிலே எழுதப்படும். புதிய அரசியல் சட்டத்தின் கீழ் இவ்வழக்கத்துக்குச் சட்ட ஆதாரம் இல்லை. முதியவராகிவிட்ட சக்கரவர்த்தி மறைந்தால் இம்முறையும் மறையலாம் என்ற அச்சத்தை முன்வைத்து, 1970ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் இயக்கம் ஒன்று எழுந்தது. உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி இஷிதா கசுதோ அதற்குத் தலைமை தாங்கினார். இளைஞர்கள் ஊர்திகளில் ஏறி மாவட்டம் மாவட்டமாகச் சென்றனர். நகர சபைகளிலும் மாவட்ட சபைகளிலும் தீர்மானங்கள் நிறைவேற்றச் செய்தனர். எவரையும் மிரட்டவில்லை, மனுக் கொடுத்தனர், வணங்கினர், மீண்டும் வந்தனர். நாட்டின் 47 மாவட்ட சபைகளுட் பெரும்பாலானவை தீர்மானம் அனுப்பிய பின்னர் டோக்கியோவில் மறுப்பது எளிதாக இல்லை. 1979 ஜூனில் ஆண்டுப் பெயர்ச் சட்டம் நிறைவேறிற்று.

இவ்வெற்றியின் முறையே பின்வந்த யாவற்றுக்கும் அச்சாயிற்று. அந்த இயக்கத்தார் 1981இல் நிலையான சபை ஒன்றை அமைத்தனர். சமயத் தலைவர்கள் 1974இலேயே தொடங்கியிருந்த மற்றொரு சங்கத்தோடு அது 1997 மே மாதத்தில் இணைந்து நிப்பொன் கைகி என்ற பெயர் பெற்றது. ஜப்பானியப் பேரவை என்பது அதன் பொருள். அரசியல் சட்டத்தைத் திருத்துதல், பள்ளிகளில் நாட்டுப்பற்றுக் கல்வி, அரச குலத்தின் மரபு, பழைய குடும்ப முறை ஆகியவை அதன் நோக்கங்கள். அதன் உறுப்பினர் தொகை ஏறத்தாழ 40,000 என்பர். 12 கோடிக்கு மேற்பட்ட மக்களுள் இது ஒரு துளி. ஆனால் 2010ஆம் ஆண்டுகளின் நடுவில் அதனோடு தொடர்புடைய பாராளுமன்ற உறுப்பினர் குழுவில் 280 பேர் அளவில் இருந்தனர். பிரதம மந்திரி ஆபே ஷின்சோவின் மந்திரி சபையிற் பாதிக்கு மேற்பட்டோர் அக்குழுவினரே.

இந்த வேறுபாடு எப்படி வந்தது? 2014ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் வாக்களித்தோர் நூற்றுக்கு 53 பேர். பெரும்பாலோர் சோர்ந்து வீட்டில் இருக்கும்போது, தவறாது வருபவரின் மதிப்பு உயர்கிறது. ஆலயத் திருவிழாக்களிலும் ஊர்க் கூட்டங்களிலும் வேட்பாளருக்கு ஆள் சேர்த்துத் தருபவர்கள் சில கேள்விகளை முன்வைத்தால், அவர் ஆம் என்று தலையசைப்பார். அவருக்கு அதனால் செலவில்லை. அதே பட்டியலில் உள்ள பலர் வேறு பல குழுக்களிலும் பெயர் கொடுத்தவர்களே. ஆகவே, இப்பேரவை திரைக்குப் பின்னிருந்து ஜப்பானை ஆட்டிப் படைக்கிறது என்று சிலர் எழுதுவதை நான் ஏற்பதில்லை. அஃது ஆட்டுவிப்பதைவிடத் தடுப்பதில் வல்லது.

இதற்குக் குடும்பப் பெயரே நல்ல சான்று. மணம் செய்யும் இருவரும் ஒரே குடும்பப் பெயரைக் கொள்ளவேண்டும் என்பது ஜப்பானியச் சட்டம். எவர் பெயரையும் கொள்ளலாம் எனினும் நூற்றுக்கு 95 அளவில் மனைவியே தன் பெயரை விடுகிறாள். ஆய்வுக் கட்டுரைகளை ஒரு பெயரால் எழுதிய பெண் மணத்துக்குப் பின் இன்னொரு பெயராளாகிறாள். விரும்புவோர் தத்தம் பெயரையே வைத்துக்கொள்ளலாம் என்று சட்டத்தைத் திருத்துமாறு, 1996இல் நீதித் துறைக்கு ஆலோசனை கூறும் சபையே பரிந்துரைத்தது. குடும்பம் சிதையும் என்று பழமைப் பற்றாளர் எதிர்த்தனர்; கையெழுத்துக்கள் குவிந்தன; அரசாங்கம் அம்மசோதாவைக் கொண்டுவரவே இல்லை. 2015இலும் 2021இலும் உச்ச நீதிமன்றம் இருக்கும் சட்டம் செல்லும் என்றது. இதற்கிடையே சீர்திருத்தம் வேண்டுவோர் ஒன்று கற்றுக்கொண்டனர்: அவர்களும் உள்ளூர்ச் சபைகளிலே தீர்மானம் நிறைவேற்றலாயினர். 2021 ஜனவரியில் ஆளுங்கட்சிப் பாராளுமன்ற உறுப்பினர் 50 பேர், இத்தகைய தீர்மானங்களுக்கு இடம் தரவேண்டா என்று மாவட்ட சபைத் தலைவர்கள் பலருக்குக் கடிதம் எழுதினர். 1979இல் தட்டித் திறந்த கதவை இப்போது தாழிடக் கருதினர் போலும். 2024இல் பெரு வணிகரின் கூட்டமைப்பே சீர்திருத்தத்தை வேண்டிற்று. 2025இல் மசோதாக்கள் பாராளுமன்றக் குழுவில் விவாதிக்கப்பட்டன; ஆயினும் அக்கூட்டத்தொடரில் வாக்கெடுப்புக்கு வரவில்லை.

தேசியக் கொடியும் கீதமும் 1999இல் சட்டமாயின. 2006இல் அடிப்படைக் கல்விச் சட்டம் திருத்தப்பட்டு நாட்டுப்பற்றும் அதில் இடம்பெற்றது. இவை பேரவையினர் மகிழ்ந்த வெற்றிகள். ஆனால் தலையாய குறிக்கோளாகிய அரசியல் சட்டத் திருத்தம் கைகூடவில்லை. ஈரவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கினர் இசைந்து, பின்னர் மக்களும் வாக்களித்து ஏற்றாலன்றி அதில் ஓரெழுத்தும் மாறாது. 2015 நவம்பரில் டோக்கியோவின் புதோக்கான் அரங்கில் 10,000 பேர் கூடினர். ஒரு கோடிக் கையெழுத்துத் திரட்டும் இயக்கமும் நடந்தது. 1947ஆம் ஆண்டுச் சட்டமோ திருத்தம் ஒன்றும் இன்றி நிற்கிறது.

2016 ஆகஸ்டு 8ஆம் நாள் சக்கரவர்த்தி அக்கிஹித்தோ தொலைக்காட்சியில் தோன்றினார். வயது 82. தம் கடமைகளை முன்போற் செய்ய இயலாது போகலாம் என்று அவர் கூறியதை, முடிதுறக்க விரும்புகிறார் என்று மக்கள் புரிந்துகொண்டனர். பெரும்பாலோர் அனுதாபத்தோடு இசைந்தனர். மறுத்தவர்கள் யார்? அரச மரபின் காவலர் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட அறிஞர் சிலர்! சக்கரவர்த்தி உயிரோடு இருக்கும்வரை சக்கரவர்த்தியே, வேண்டுமானால் பிரதிநிதி ஒருவரை வைக்கலாம் என்று வாதிட்டனர். 2017 ஜூனில் அரசாங்கம் தனிச் சட்டம் இயற்றி அவர் விருப்பத்தை நிறைவேற்றிற்று.

அதனோடு புதிய ஆண்டுப் பெயரும் வேண்டியதாயிற்று. புதிய சக்கரவர்த்தி அரியணை ஏறிய பின்னரே பெயரை அறிவித்தல் முறை என்று பழமைப் பற்றாளர் வற்புறுத்தினர். கணக்குப் பொறிகளிலும் அலுவலகப் படிவங்களிலும் பெயரை மாற்றக் காலம் வேண்டுமே! அரசாங்கம் ஒரு மாதம் முன்னதாக, 2019 ஏப்ரல் 1ஆம் நாளே, ரெய்வா என்ற பெயரை வெளியிட்டது. மே 1ஆம் நாள் புதிய காலம் தொடங்கிற்று. 40 ஆண்டுகளுக்கு முன் ஊர்தி ஏறிச் சென்ற இளைஞர்கள் பெற்றுத்தந்த சட்டத்தின்படிதான் அப்பெயர் இடப்பெற்றது. அன்று முதல் பிறந்த குழந்தைகளின் பதிவேட்டிலும் அதுவே எழுதப்பட்டு வருகிறது.